எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்



பழைய கார் ஒன்றை அதன் முதல் நிலைக்கு மீட்பது எங்ஙனம் என்பது பற்றி இன்று பேச எண்ணுகிறேன். 'இது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு ஆயிற்றே. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நமக்கு இதனால் ஆவது என்ன?' என்று நீங்கள் நினைக்கலாம். நான் வாழும் ஊர் காத்திவாக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கார் என்பது செல்வர் வீட்டில் மட்டும் பிறந்த பொருள் அன்று; எங்கள் மண்ணிலேயே, எங்கள் மக்கள் கையால் பூட்டப்பெற்ற பொருளும் ஆகும். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948 செப்டம்பர் 7-ஆம் நாள், அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவரான ரகுநந்தன் சரண் என்பவர். தம் மகன் அசோக்கின் பெயரையே நிறுவனத்திற்கும் இட்டார். இங்கிலாந்திலுள்ள ஆஸ்டின் கம்பெனியின் ஏ-40 என்னும் காரின் உறுப்புகளைக் கப்பலில் வருவித்து, எண்ணூரில் பூட்டி, ஓட்டத்தக்க வண்டியாக்கி விற்பதே அதன் முதல் தொழில். 1949-இல் எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து முதல் ஆஸ்டின்கள் வெளிவந்தன. 1950-இல் லேலண்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. 1955-இல் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டு ஆயிற்று. இன்று எண்ணூர் என்றால் லாரியும் பஸ்ஸும் நினைவுக்கு வருகின்றன. கார் மறந்துபோயிற்று.

இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். அக்காலத்தில் நம் நாட்டில் பல இடங்களில் இவ்வாறு பூட்டும் வேலை நடந்தது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உறுப்புகளைப் படிப்படியாக இங்கேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் பூட்டும் தொழிலைக் கைவிட வேண்டும் என்றது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற பெரு நிறுவனங்களும் அப்பொழுது நின்றுபோயின. ஆகவே நம் ஊரில் பூட்டப்பெற்ற வெளிநாட்டுக் கார்கள் ஒரு குறுகிய காலத்தின் சாட்சிகள். அச்சாட்சிகளில் ஒன்று ஏதேனும் ஒரு கொட்டகையில், தென்னங்கீற்றும் கோழிக்கூண்டும் மேலே கிடக்க, நான்கு செங்கல் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனை மீட்கப் புகுகிறோம்.

முதலில் அந்த வண்டியின் அமைப்பை அறிவோம். அந்நாளில் ஏ-40 என்றால் பெரும்பாலும் நான்கு கதவுடைய 'டெவன்' என்னும் வகை. நான்கு சிலிண்டர், கொள்ளளவு ஏறத்தாழ 1200 கன சென்டிமீட்டர், ஆற்றல் 40 குதிரைத் திறன். பெயரிலுள்ள 40 அதைத்தான் குறிக்கின்றது. உடலும் அடிச்சட்டமும் வேறு வேறாகச் செய்யப்பட்டுப் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவை; இன்றைய கார்களில் இரண்டும் ஒன்றே. முன்சக்கரங்களின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும். பின்சக்கரங்களின் பிரேக்கோ இரும்புத் தண்டுகள் இழுப்பதால் இயங்கும். இரண்டு காலங்கள் ஒரே வண்டியில் இருத்தலைப் பாருங்கள்! திரும்புவதைக் காட்டக் கண்சிமிட்டும் விளக்கு இல்லை. கதவுகளுக்கு இடையேயுள்ள தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும். அதனுள் விளக்கு எரியும். பானெட்டின் மேல் சிறகு விரித்த ஆங்கில எழுத்து ஒன்று அமர்ந்திருக்கும். திருடர்க்கும் சிறுவர்க்கும் அதுவே முதற்குறி. ஆதலால் பழைய ஆஸ்டின்கள் பலவற்றில் அந்த இடத்தில் துளைகளே இருக்கும்.

இனி, 'முதல் நிலை' என்பது எது? மீட்பு வேலை முழுவதும் இவ்வொரு வினாவைச் சுற்றியே நடக்கின்றது. விளம்பரப் படத்தில் உள்ளதா? இங்கிலாந்தில் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் எப்படி இருந்ததோ அதுவா? எண்ணூர் வாயிலைக் கடந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அதுவா? நம் காருக்கு மூன்றாவதே விடை. ஆனால் நூல்களும் படங்களும் மிகுதியாகக் கிடைப்பது லாங்பிரிட்ஜ் காரைப் பற்றித்தான். எனவே, பொருளும் ஆர்வமும் உடைய ஒருவர் அங்குள்ள நூலைப் பார்த்து, அங்குள்ள வண்ணத்தைப் பூசி, அங்கிருந்து இருக்கைத் தோலையும் வரவழைத்து, எண்ணூர்க் காரை ஆங்கிலக் காராக மாற்றிவிடுகிறார். அவருடைய நோக்கம் நல்லதே. ஆனால் மறைந்தது எது? இங்கே பூட்டியவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் மறைந்தன.

தமிழ் பயின்ற உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். உ. வே. சாமிநாத ஐயர் பதிற்றுப்பத்தை 1904-இல் பதிப்பித்தார். பத்துப் பகுதிகளில் முதலாவதும் இறுதியும் அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இல்லை. பழந்தமிழ்ச் செய்யுள் நடையில் அவருக்கு இருந்த பயிற்சிக்கு, இரண்டு பத்துகளை இயற்றிச் சேர்ப்பது அரிதாய் இருந்திராது. அவர் சேர்க்கவில்லை, கிடைத்த எட்டினையே வெளியிட்டார். காரை மீட்பவரும் ஒரு பதிப்பாசிரியரே. துருவும் அழுக்கும் செல்லரித்த ஏடு போல்வன. படிக்க இயலாத இடத்தில் தம் கருத்தை எழுதி நிரப்பும் உரிமை அவருக்கு இல்லை. நிரப்பியே ஆகவேண்டுமானால், 'இது நான் வைத்தது' என்று குறித்துவைக்கும் கடமை உண்டு. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே நெறியைத்தான் கூறுகின்றது. பழங்கட்டடங்களைக் காப்பதற்காக 1964-இல் வெனிசில் வகுத்த சாசனத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது அது. இருப்பதை அப்படியே காத்தல் ஒன்று. பழுதைச் சீராக்குதல் ஒன்று. முழுமையாக மீட்டல் வேறொன்று. கடைசி வழியை, மற்றவை பயன்படாத இடத்தில்தான் நாட வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்குப் பட்டறிவால் வந்தது. நான் தலைமையாசிரியராய் இருந்த ஒரு பள்ளியில் மிகப் பழைய மர அலமாரி ஒன்று இருந்தது. ஆண்டுவிழாவிற்காக அதனைச் சுரண்டி வார்னிஷ் பூசச் சொன்னேன். வேலை முடிந்து பளபளவென்று வந்து நின்றது. ஒரு கதவின் உட்புறத்தில் தச்சர் பெயரும் ஆண்டும் மையால் எழுதியிருந்ததாகப் பழைய பணியாளர் ஒருவர் பிறகு கூறினார். அந்த எழுத்து உப்புத்தாளோடு போயிற்று. ஆணையிட்டவன் நான், பிறரைக் குறை கூற இடமில்லை.

ஆகையால், ஸ்பேனரைத் தொடுமுன் கண்ணையும் காகிதத்தையும் பயன்படுத்த வேண்டும். வண்டியை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தல் முதல் வேலை. எஞ்சின் அறையில் உள்ள தகட்டின் எண்களையும், எஞ்சினிலேயே பொறித்துள்ள எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கேடன் என்னும் இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய கம்பெனிகள் பலவற்றின் உற்பத்திப் பதிவேடுகளைக் காத்துவருகின்றனர்; கட்டணம் செலுத்தினால் பதிவேட்டில் உள்ளதைச் சான்றிதழாகத் தருவர். ஆனால் அந்த ஏடு சொல்லக்கூடியது அங்கே நடந்ததை மட்டுமே. எண்ணூரில் நடந்ததைக் காரிடம்தான் கேட்க வேண்டும்.

கார் பேசுமா என்கிறீர்களா? பேசும். மேற்பூச்சில் மறைவான ஓரிடத்தை மெல்லிய நீர்த்தாளால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மரத்தை அறுத்தால் ஆண்டு வளையம் தெரிவதுபோல, ஒன்றனுள் ஒன்றாக வண்ண வளையங்கள் தெரியும். வெளி வளையம் கடைசியாகப் பூசியது. நடுவில் தெரிவது இரும்பு. அதை ஒட்டியிருப்பது அடிப்பூச்சு. அதற்கு அடுத்தது முதல் வண்ணம். இடையிலுள்ள ஒவ்வொரு வளையமும் ஓர் உரிமையாளரின் விருப்பம் அல்லது ஒரு விபத்தின் வரலாறு. வெயில் படாத இடங்களில், அதாவது கதவு ரப்பரின் அடியில், நம்பர்ப் பலகையின் பின்னால், டாஷ்போர்டின் உட்பக்கத்தில், முதல் வண்ணம் நிறம் மங்காமல் இருக்கக்கூடும். இருக்கை தோலா, ரெக்சினா என்பதற்கும் நூலைப் புரட்டுவதைக் காட்டிலும் இருக்கைச் சட்டத்தின் ஆணிகளைப் பார்ப்பது மேல். மேலுறையை எத்தனை முறை மாற்றியிருந்தாலும், ஏதாவது ஓர் ஆணியின் தலைக்கடியில் முதலுறையின் துண்டொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகரத்தின் மேல் 'டக்'கென்று ஒட்டும் காந்தம், தடிமனாகப் பட்டி அடித்து மூடிய இடத்தில் ஒட்டாது. வெளியே வழவழப்பாக இருக்கும் மட்கார்டில் உண்மையான இரும்பு எவ்வளவு என்பது அப்பொழுது விளங்கும்.

எங்கள் ஊர்ப்பக்கக் கார்களுக்குத் துரு ஒரு தனிச் சோதனை. கிழக்கே கடல், வடக்கே கழிமுகம், காற்றில் உப்பு. இரும்பும் உயிர்வளியும் நீரும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். நீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை எளிதில் கடத்தும். இரும்பின் ஒரு பகுதி கரைவதும், இன்னொரு பகுதியில் உயிர்வளி வினைப்படுவதும் விரைந்து நிகழும். உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடும். துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால், இரண்டு தகடுகள் சேரும் மடிப்பினுள் அது வளர்ந்து தகடுகளையே பிரித்துவிடும். எனவே மேலே தெரியும் துருவைவிட மடிப்புக்குள் இருக்கும் துருவே பகைவன்.

துருவை நீக்கப் பல வழிகள் உண்டு. பட்டறைகளில் விரும்பிச் செய்வது, மணல்போன்ற துகள்களைக் காற்றோடு வேகமாக அடித்தல். தடித்த அடிச்சட்டத்திற்கு அது பொருந்தும். பானெட் போன்ற மெல்லிய தகரத்திற்குக் கவனமின்றிச் செய்தால் தகரம் நெளிந்து பாழாகும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். உங்கள் வீட்டில் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நினைவிருக்கிறதா? அமிலம் ஆக்சைடைக் கரைக்கும் அதே வேதியியல்தான். சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு மிக நல்லது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை எதிர் முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டு ஒன்றை நேர் முனையிலும் இணைத்தால், துரு நெகிழ்ந்து உதிரும். நல்ல இரும்பு சற்றும் தேயாது. ஹைட்ரஜன் வாயு வெளிவருமாதலால் வெளிக்காற்றில், தீயின்றிச் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகை நேர் முனையில் வைத்தல் ஆகாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகி நீரில் கலக்கும். மாணவர்கள் ஆசிரியர் துணையின்றி இதில் இறங்க வேண்டா.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அக்காலத்துப் பிரேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கும். இவற்றைக் காற்றடித்து ஊதுவதோ உலர்த்தாளால் தேய்ப்பதோ கூடாது. நனைத்தே துடைக்க வேண்டும்.

எஞ்சினுக்கு வருவோம். பல்லாண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு இறுகியிருக்கும். ஆத்திரக்காரர் முன்பக்கத்துச் சுழற்றுக் கைப்பிடியை மாட்டி நான்கு பேராக முறுக்குவர், வளையம் முறியும். அறிந்தவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பர். நம் பட்டறைகளில் வல்லவர் எத்தனையோ பேர் உளர். ஆனால் காத்திருக்கும் வல்லமைக்குத்தான் பஞ்சம். எஞ்சின் அசைந்தபின் அதனைப் பிரித்து, சிலிண்டர்த் துளையின் விட்டத்தைப் பல ஆழங்களில் அளப்பர். துளை வட்டம் கெட்டு நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தால், அதனைச் சிறிது பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். கடைய இடமில்லாத அளவு தேய்ந்திருந்தால், உள்ளே புதிய உறை செலுத்தி முதல் அளவுக்கே கொண்டுவருவர். போல்ட்டுகள் யாவும் அங்குலக் கணக்கின. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகினால் முனைகள் மழுங்கிவிடும். அங்குல ஸ்பேனர்களும் பழைய உறுப்புகளும் தேடிப் புதுப்பேட்டைக்குச் செல்பவர் உண்டு.

இந்த இடத்தில் ஒரு பெரிய சபலம் குறுக்கிடும். 'இந்தப் பழைய எஞ்சினோடு ஏன் போராடுகிறீர்கள்? அம்பாசிடர் எஞ்சினைத் தூக்கி வையுங்கள். உறுப்பும் கிடைக்கும், ஓட்டமும் நன்றாய் இருக்கும்' என்று அறிவுரை வரும். நம் நாட்டுப் பழைய கார்கள் பலவற்றின் வயிற்றில் இவ்வாறு வேறு எஞ்சின் அமர்ந்திருக்கின்றது. டீசல் எஞ்சின் அமர்ந்ததும் உண்டு. வாடகைக்கு ஓடிக் குடும்பம் காத்த காலத்தில் அவ்வாறு செய்தவரை நான் குறை கூறேன். அவர்கள் செய்தது பிழைப்பு. இன்று மீட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதனைச் செய்தல் பொருந்தாது. அதற்குச் சட்டமும் இடந்தராது. 2021 ஜூலையில் மைய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள், அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் இன்றி முதல் வடிவில் காக்கப்பட்டிருந்தால்தான் அவ்வகையில் சேரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம், வாணிகத்திற்கு ஓட்டலாகாது.

எனினும், எதையும் மாற்றவே கூடாது என்று பிடிவாதம் செய்வதும் அறிவன்று. உயிருக்கு இடையூறு வரும் இடங்களில் மாற்றம் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதனால் பிரேக் சிலிண்டரின் உட்புறம் அரித்திருக்கும். அதனுள் துருப்பிடிக்காத எஃகு உறை செலுத்தினால் வெளித்தோற்றம் மாறாது, பிரேக்கும் பிழைக்காது. தூணிலிருந்து நீளும் கையை இன்றைய லாரி ஓட்டுநர் கண்டுகொள்வார் என்று நம்பி எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்புவது தற்கொலைக்கு ஒப்பாகும். அந்தக் கை அங்கேயே வேலை செய்யட்டும். கூடவே கண்சிமிட்டும் சிறு விளக்குகளை, உடலில் புதுத்துளை போடாமல், வேண்டும்போது கழற்றிவிடக்கூடிய முறையில் பொருத்தலாம். பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. இப்பொழுது விற்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாயையும் தக்கை அடைப்புகளையும் கெடுக்கும். ஆதலின் எரிபொருள் செல்லும் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் புது ரப்பரால் செய்வது கட்டாயம். கழற்றிய பழைய துண்டை எறிந்துவிடாமல், நாள் குறித்து ஒரு பெட்டியில் போட்டுவைக்க வேண்டும்.

உடல் வேலையில் எவ்வளவு தகரத்தை வெட்டி எறிகிறோமோ அவ்வளவு எண்ணூர் போய்விடுகிறது என்று கொள்ளுங்கள். கதவின் அடிவிளிம்பு மட்டும் அரித்திருந்தால் அந்த விளிம்பளவே வெட்டி, அதே தடிமனுள்ள தகரத்தைப் பற்றவைக்க வேண்டும். முழுக் கதவை மாற்றக் கூடாது. சொட்டைகளைச் சுத்தியும் தாங்கியும் கொண்டு தட்டி எடுக்கவல்ல டிங்கர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். பட்டியை அள்ளி அப்பி மூடுபவர் பலர். தகரத்தை அதன் பழைய வளைவுக்குத் தட்டிக் கொண்டுவருபவர் சிலர். வண்ணத்திலும் ஒரு கேள்வி உண்டு. இன்று பூசும் இரட்டைக் கலவை வண்ணம் கண்ணாடிபோல் ஒளிரும். அந்நாளில் எந்தக் காரும் அவ்வாறு ஒளிர்ந்ததில்லை. முதல் வண்ணம் பாதிக்குமேல் நல்ல நிலையில் இருந்தால், மேற்பூச்சுகளை மெல்ல நீக்கி, அதனையே மெழுகிட்டு வைப்பேன் என்று நான் சொல்வேன். பக்கத்தில் நிற்கும் புதுப்பூச்சுக் காரின் முன் அது மங்கலாகத்தான் தோன்றும். தோன்றட்டும்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு மின்கலத்தை இணைக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். இன்றைய கார்களில் மின்கலத்தின் எதிர் முனை உடலோடு சேரும். அந்நாளைய ஆஸ்டினில் நேர் முனை சேரும். பழக்கத்தால் மாற்றி இணைத்துப் பல மாத உழைப்பைப் புகையாக்கியவர் உண்டு. முதல் முறை எஞ்சினைக் கைப்பிடியால் பல சுற்றுகள் சும்மா சுழற்றி, எண்ணெய் எல்லா இடமும் சென்றபின்னரே பற்றச் செய்க. எண்ணெய் அழுத்தம் ஏறவில்லையானால் உடனே நிறுத்துக. வேகம் காட்டும் கருவி மைல் கணக்கில் இருக்கும். கிலோமீட்டர் பழகிய உங்களுக்கு முள் மெல்ல நகர்வதுபோல் தோன்றும், ஏமாற வேண்டா. புதிதாகக் கடைந்த சிலிண்டரும் புதிய வளையமும் ஒன்றோடொன்று படிய நாள் ஆகும். முதல் 500 மைல் வரை வண்டியை விரட்டாமல் ஓட்டி, பிறகு எண்ணெய் முழுவதையும் வடித்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் சிறிது ஊற்றிப் பாருங்கள். மின்னும் துகள் சில இருப்பது இயல்பே. செதில்களாக இருந்தால் எஞ்சினை மறுபடியும் இறக்க வேண்டியதுதான்.